ஏழாம் கொட்டடியின் பின்சுவர்

ஜனவரி 12

அன்புள்ள பெரியண்ணனுக்கு,

நண்டு எழுதுகிறேன். இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். உங்கள் முழங்கால் வலி எந்த மட்டில் இருக்கிறது? வைத்தியர் கொடுத்த காதுக் கருவியை மாட்டிக்கொள்கிறீர்களா, அல்லது உங்கள் அலமாரிக்குத்தான் இப்போது நன்றாகக் காது கேட்கிறதா? போனில் நீங்கள் கத்த, நான் கத்த, பக்கத்து வீட்டில் நமக்குள் சொத்துத் தகராறு என்று நினைத்துவிட்டார்கள். கடிதமே மேல்.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். பதினெட்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த நகரச் சிறையை அருங்காட்சியகம் ஆக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் முழுக் கட்டடத்தையும் அளந்து படம் போட வேண்டும், வரலாற்றுக் குறிப்பும் எழுத வேண்டும். வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்து என் தலையில் விழுந்தது. சின்னண்ணன் செத்த இடம். முதல் நாள் வாசலிலிருந்தே திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். வேறு யாராவது அளந்தால் அவர்களுக்கு அது வெறும் செங்கல்தானே என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

கட்டியவன் கெட்டிக்காரன், அண்ணா. நூற்று நாற்பது வருடக் கட்டடம். வண்டிச் சக்கரம் மாதிரி நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து ஆரக்கால்களாக ஆறு கொட்டடிகள். கோபுரத்தில் ஒரே ஒரு ஆள் நின்றால் ஆறு நடைகளும் தெரியும். ஆனால் ஆள் நிற்கிறானா இல்லையா என்று கீழே இருப்பவனுக்குத் தெரியாது. அறைக் கதவுகள் நாலரை அடிதான், குனியாமல் எவனும் நுழைய முடியாது. வெளிச்சுவரின் மூலைகளை வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். மூலை கூராக இருந்தால் இரண்டு பக்கமும் கால் ஊன்றி ஏறிவிடலாமாம். வாசலில் இரட்டைக் கதவு, ஒன்று சாத்தாமல் மற்றது திறக்காது.

டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு காவலாளியைக் கொடுத்திருக்கிறார்கள். "இங்க ஒரு பகுதியை என் மாமனார்தாம்மா கட்டினாரு, பொண்ணு குடுக்கும்போது அதைத்தான் பெருமையா சொன்னாரு" என்கிறார். எந்தப் பகுதி என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

வரலாற்றில் சின்னண்ணனையும் எழுதலாமா என்று யோசிக்கிறேன். நம்மிடம் இருப்பது ஒரே ஒரு தாள். அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் கைது, பன்னிரண்டாம் நாள் சிறை ஆஸ்பத்திரியில் குளிர்ஜுரத்தால் மரணம், வயது இருபத்து நாலு. முப்பத்தொரு வருடத்துக்கு இவ்வளவுதான். நீங்கள் அப்போது பொதுப்பணி அலுவலகத்தில் படம் வரைந்துகொண்டிருந்தீர்களே, சிறைக்குள் எப்போதாவது போயிருக்கிறீர்களா?

இப்படிக்கு,
நண்டு


ஜனவரி 30

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் மழை வருவதை எனக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறது. மாப்பிள்ளையின் இருமல் நின்றதா?

அந்த வேலையை நீ ஏற்றுக்கொண்டிருக்க வேண்டாம். பழைய சுண்ணாம்புத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. வெளவால் எச்சம் அதைவிட மோசம். உன் அலுவலகத்தில் ஆணா பெண்ணா எத்தனையோ பேர் இருக்கிறார்களே, செத்தவனுடைய தங்கைதான் கிடைத்தாளா அளக்க?

எடுத்த வேலையை விட மாட்டாய் என்று தெரியும். அப்படியானால் சக்கரத்தை மட்டும் அளந்து முடி. ஏழாவதை விட்டுவிடு. அது பிற்காலத்து சிமென்ட் கட்டடம், வரலாறும் கிடையாது, அழகும் கிடையாது. நான் சிறைக்குள் போனதில்லை.

மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 14

அன்புள்ள பெரியண்ணனுக்கு,

இருவரும் சுகம். இவர் இருமல் நின்றுவிட்டது, இருமுவது போல நடித்து வீட்டு வேலையிலிருந்து தப்பிப்பது மட்டும் நிற்கவில்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் அளக்கிறேன். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் ஆறு கொட்டடி என்றுதானே எழுதியிருந்தேன்? ஏழாவது ஒன்று இருப்பது எனக்கே போன வாரம்தான் தெரியும். சக்கரத்துக்கு வெளியே, பின்தெரு ஓரமாக ஒரு பெட்டி மாதிரி நிற்கிறது, அதன் பின்சுவரேதான் தெருச் சுவர். உள்ளே போகாத உங்களுக்கு அது சிமென்ட் கட்டடம் என்பதுவரை தெரிந்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டேன். அலுவலகத்தில் யாராவது பேசிக் கேட்டிருப்பீர்கள்.

குறிப்புக்காக அந்தக் காலத்துச் சிறைக் கண்காணிப்பாளரைப் பார்க்கப் போனேன். எண்பத்தாறு வயது. பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அண்ணன் எப்படி இருக்கான்? படம் போடுவானே, அவன்? ரொம்ப மனசாட்சி உள்ள பையன்மா." செத்துப்போன அண்ணனை விசாரிக்கவில்லை, உங்களைத்தான் விசாரித்தார். கைதியும் மனிதன்தான் என்று அவர் எப்போதோ சொன்ன வாசகத்தை அருங்காட்சியகத்தின் முதல் அறையில் பலகையில் எழுதப் போகிறார்களாம்.

பின்தெருவில் நடக்கும்போது அம்மா ஞாபகம்தான். சின்னண்ணனுக்குக் கல்தரை குளிருமே என்று அந்த நீலப் போர்வையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள், வாசலில் வாங்க மறுத்துவிட்டார்கள். அடுத்த வாரமே குளிர்ஜுரம் என்று தாள் வந்தது. "ஒரு போர்வைக்கு வக்கில்லாம என் பிள்ளையக் கொன்னுட்டேனே" என்று சாகும்வரை சொன்னாள். அப்புறம் எந்தக் குளிரிலும் அவள் போர்த்திக்கொண்டதே இல்லை. நடுங்கிக்கொண்டே கிடப்பாள், நாம் போர்த்திவிட்டாலும் காலால் தள்ளிவிடுவாள்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. போர்வையோடு போன அன்று, அந்தச் சுவர் ஓரமாக வரும்போது "ஏய் நண்டு!" என்று மேலேயிருந்து சின்னண்ணன் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. சாவுக்கு அப்புறம் உங்களிடம் சொன்னேன். "அந்தச் சுவத்துல ஜன்னலே கிடையாது, நீ நெனச்சுக்கிட்ட" என்று அதட்டினீர்கள். பதினாலு வயதுப் பெண்ணின் காதை யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை.

இப்படிக்கு,
நண்டு


மார்ச் 20

அன்புத் தங்கைக்கு,

உடம்பு சுமார். பதில் தாமதமாகிவிட்டது, தொழிற்சாலையில் வேலை நெருக்கடி. இந்த மாதம் முழுக்க ஒரே ஒரு திருகாணி. அதன் மரையை நாலு தடவை திருப்பி வரையச் சொன்னார்கள். இத்தனை வருடத்தில் நான் வரைந்ததெல்லாம் திருகாணி, வால்வு, பல்சக்கரம்தான். மனுஷன் உள்ளே நுழைய முடியாத பொருட்களை மட்டுமே வரைவது என்று ஒரு கொள்கை. சிரிக்காதே.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்கள். அந்தக் கிழவரிடம் அடிக்கடி போகாதே. அவர் வேறு ஏதாவது சொன்னாரா? சொல்லியிருந்தால் வார்த்தை மாறாமல் எழுது.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 6

அன்புள்ள பெரியண்ணனுக்கு,

உடம்பு சுமார் என்றால் என்ன சுமார்? தயவுசெய்து விவரமாக எழுதுங்கள். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத இன்று கை வரவில்லை.

ஏழாம் கொட்டடியை அளந்துவிட்டேன். காவலாளி வாசலிலேயே நின்றுகொண்டார். டேப்பின் நுனியை ஆணியில் மாட்டிவிட்டு நானே அளந்தேன். நீளம் பதினாலு அடி, அகலம் பத்து, உயரம் எட்டரை. தலைக்கு மேல் கான்கிரீட் தளம். கதவு முழு இரும்புத் தகடு. நாலு சுவரிலும் ஒரு விரல் நுழைய ஓட்டை இல்லை. கதவைச் சாத்தச் சொல்லி உள்ளே நின்று பார்த்தேன். ஏப்ரல் வெயில், நான் ஒருத்தி மட்டும். பத்து நிமிடத்தில் சட்டை உடம்போடு ஒட்டிவிட்டது, நெஞ்சு அடைத்தது. காவலாளிதான் கதவைத் திறந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "உங்களுக்கு ஏம்மா இந்த வேலை" என்று திட்டினார்.

பழைய பதிவேடுகள் கோபுரத்தின் கீழறையில் கிடக்கின்றன. தலைக்கணக்குப் பதிவேட்டில், சின்னண்ணன் செத்த வாரம், சனிக்கிழமை: "ஏழில் பன்னிரண்டு." திங்கட்கிழமை: "ஏழில் எவருமில்லை." விடுதலைப் பதிவேட்டில் பன்னிரண்டு பேர் இல்லை. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அந்த வாரம் ஒருவர்கூடச் சேர்க்கப்படவில்லை. இறப்புப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறார்கள். நாலு நாளில் மூன்று மூன்று பேராக, எல்லாருக்கும் குளிர்ஜுரம். மே மாதத்தில்.

அதே அறையில் ஏழாம் கொட்டடியின் வரைபடமும் கிடைத்தது. ஓரத்தில் வடக்கு காட்டும் அம்புக்குறி. அதன் வாலில் மூன்று இறகு. என் பள்ளி நோட்டு அட்டையிலெல்லாம் நீங்கள் வரைந்து தருவீர்களே, அதே அம்பு.

அண்ணா, இது உங்கள் கைதானே?

இப்படிக்கு,
நண்டு


மே 9

பெரியண்ணனுக்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது. தபால்காரர் என்னைப் பார்த்ததும் இல்லை என்று கையை ஆட்டிக்கொண்டே போகிறார். நீங்கள் சுகமா என்று கேட்கத்தான் வேண்டும், கேட்கிறேன். அதைத் தவிர நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை எழுதுங்கள்.

நண்டு


மே 28

தங்கைக்கு,

ஆமாம்.

இதற்கு மேல் எழுத முப்பத்தொரு வருடம் ஆனது. எழுதுகிறேன், முழுக்கப் படி. நடுவில் கிழித்துப் போட்டுவிடாதே.

கைதிகள் பெருகிவிட்டார்கள், நாலு பேரைத் தனியாக அடைக்க அவசரமாக ஒரு கொட்டடி வேண்டும் என்று சிறையிலிருந்து அலுவலகத்துக்கு வந்தது. என்னை வரையச் சொன்னார்கள். இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தேன். உனக்குத் தொழில் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டி வந்தால் சொல்வதற்காக விளக்கமாகவே எழுதுகிறேன். பிளான் என்றால் கட்டடத்தை இடுப்புயரத்தில் வெட்டி மேலேயிருந்து பார்ப்பது. அந்த வெட்டுக்கு மேலே இருக்கிற திறப்பு பிளானில் தெரியாது, அதைப் புள்ளிக்கோட்டில் காட்ட வேண்டும். பின்சுவரில் ஏழடி உயரத்தில் காற்றுக்கு மூன்று வென்டிலேட்டர் என்று நான் மனசில் வைத்திருந்தேன், செக்‌ஷனில் வரைந்தும் இருந்தேன், அது கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டி உயரத்தைக் காட்டும் வேறு தாள். பிளானில் புள்ளிக்கோடு போட மறந்துவிட்டேன். கொத்தனார்கள் பிளானைப் பார்த்துத்தான் கட்டுவார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் யானை விழுந்தால் யானைக்குத்தானே அடி.

ஒரு வருடம் கழித்து வேலைநிறுத்தம். வால் என்று நாம் கூப்பிடும் நம் தம்பியையும், உன் சின்னண்ணனையும், பிடித்துக்கொண்டு போனார்கள். நான் வரைந்த அறையிலேயே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்காணிப்பாளர் ஆள் அனுப்பி அழைத்தார். வாசல் அறையில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, என் படத்தை மேசையில் விரித்தார். "நாலு பேர் அறையில பன்னெண்டு பேரைப் போட வேண்டியதாயிடுச்சு. நேத்து மத்தியானம் பூட்டினது, இன்னிக்குக் காலையிலதான் திறந்தோம். ஒருத்தனும் மிஞ்சல. உன் தம்பியும் அதுலதாம்பா" என்றார். அப்புறம் விரலைப் பின்சுவர் மேல் வைத்தார். "இதுல வென்டிலேட்டர் எங்கேப்பா?"

படத்தை என் பக்கம் இழுத்து அந்தச் சுவரில் புள்ளிக்கோட்டைத் தேடினேன். அவரே சொன்னார்: "ஜுரம்னு எழுதிடறேன். உன் நல்லதுக்கும் சேத்துத்தான்."

அங்கிருந்து பின்தெருவுக்குப் போனேன். நின்று பார்த்தேன். அந்தச் சுவர் மட்டும் புது வெள்ளையடித்துப் பளபளவென்று இருந்தது. ஒரு திறப்பு இல்லை. என் படத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அதற்குமேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

அம்மா போர்வையைச் சொல்லி அழும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் குளிரில் சாகவில்லை அம்மா, வெக்கையில் செத்தான், கொன்றது நான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வரும். சொல்லியிருந்தால் அவள் போர்த்திக்கொண்டு தூங்கியிருப்பாள். அவள் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அவள் போன அடுத்த மாதம் ஊரை விட்டேன்.

எழுதிவிட்டேன். நீ என்னை அண்ணா என்று கூப்பிட வேண்டியதில்லை.


ஜூலை 2

தங்கைக்கு,

பதில் கேட்டு எழுதவில்லை. கேட்கும் தகுதி இல்லை. கடிதம் வந்து சேர்ந்ததா என்று மட்டும் தெரிந்தால் போதும். தபாலில் தொலைந்திருந்தால் இன்னொரு முறை எழுத என்னால் ஆகாது, அதற்காகக் கேட்கிறேன்.

மழைக்காலம், படியில் பாசி பிடித்திருக்கும். கோபுரத்தில் ஏறும்போது பார்த்து ஏறு.


ஜூலை 19

பெரியண்ணனுக்கு,

கடிதம் வந்தது. ஜூன் முழுக்க அதை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், உங்களுக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். படத்தில் செய்த பிழைக்காக அல்ல. அம்மாவுக்காக. அவள் கடைசிக் காலத்தில் பல் கிட்டி நடுங்கியது என் கண்ணிலேயே நிற்கிறது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, போகும் என்று வாக்குக் கொடுக்கவும் முடியாது.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உறங்க விடவில்லை. அந்தச் சுவர் மட்டும் புது வெள்ளை என்று எழுதியிருந்தீர்கள். ஒரு வருடப் பழைய கட்டடத்தில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும், அதுவும் பன்னிரண்டு பேர் செத்த வாரத்தில், எதற்கு வெள்ளையடிப்பார்கள்?

போன வாரம் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போனேன். ஏழடி உயரத்தில் ஏணி போட்டுப் பூச்சைத் தட்டினேன். வலது ஓரத்தில் தட்டியதும் சத்தம் மாறியது. பூச்சு உரிந்தது. அண்ணா, அங்கே திறப்பின் தலைமேல் வைக்கும் லிண்டல் இருக்கிறது. லிண்டலுக்குக் கீழே இரண்டடி அகலத்துக்குச் சுவரின் செங்கல் நின்று வேறு செங்கல் ஆரம்பிக்கிறது. நிறமே வேறு, சாந்தும் வேறு. நாலடி தள்ளி இன்னொன்று. அதற்கு அப்பால் மூன்றாவது. நீங்கள் செக்‌ஷனில் வரைந்ததாக எழுதிய அதே ஏழடி உயரம்.

காவலாளி இந்தத் தடவை உள்ளே வந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தவர், என்னைத் தன் மாமனார் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஏழாவதைக் கட்டிய மேஸ்திரி அவர்தான். எண்பது வயதிலும் குரல் கணீரென்று இருக்கிறது. பிளானில் வென்டிலேட்டர் இல்லையே, எப்படி வைத்தீர்கள் என்று கேட்டேன். சண்டைக்கே வந்துவிட்டார்.

"பிளான்ல இல்லேன்னா? மனுஷன் இருக்கற ரூமுக்குக் காத்து வேணாமா? நாங்க என்ன கூமுட்டையா? இன்னொரு தாள்ல மேல மூணு கட்டம் போட்டிருந்துச்சு, படம் போட்டவன் இங்க மறந்துட்டான்னு புரிஞ்சுக்கிட்டு வெச்சோம். என் கையால வெச்சேன்."

பிறகு சத்தம் இறங்கிவிட்டது. "அப்புறம் ஒரு நாள் அந்தத் தெரு வழியா வந்தேன். மூணையும் காணோம். யார்கிட்ட போய்க் கேக்க? ஜெயில்காரன்கிட்டயா? மருமகன்கிட்ட மட்டும் சொன்னேன்" என்றார்.

பதிவேடுகளை மறுபடி புரட்டினேன். கண்காணிப்பாளரின் நாட்குறிப்பு, சாவுக்கு இரண்டு நாள் முன்னால்: "ஏழாம் கொட்டடிக் கைதிகள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி, பின்சுவர்த் திறப்புகள் வழியாகக் கோஷம் போடுகின்றனர். தெருவில் கூட்டம் சேர்கிறது. மூன்றையும் அடைத்து வெள்ளையடிக்க உத்தரவிட்டேன். மாலைக்குள் முடிந்தது. நாளை மதியம்வரை கைதிகள் வேறு கொட்டடியில்." கீழே அவருடைய கையெழுத்து.

நகல் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். மறுக்கவே இல்லை. "தெருவுல சத்தம் வரக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. நான் என்னம்மா பண்ண?" என்றார். என் அண்ணன் தலையில் ஏன் பழியைப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"நான் எங்கேம்மா போட்டேன்? படத்தைக் காட்டி வென்டிலேட்டர் எங்கேன்னு கேட்டேன். அவனா எடுத்துத் தலையில வெச்சிக்கிட்டான். உள்ள வந்து சுவரை ஒரு தட்டுத் தட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும். அவன் கேக்கல, நான் சொல்லல."

சொல்லிவிட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

அண்ணா, சின்னண்ணன் என்னைக் கூப்பிட்டது நிஜம். யாருடைய தோள் மேலோ ஏறி நின்று, அந்தத் திறப்பு வழியாக என்னைப் பார்த்துத்தான் "ஏய் நண்டு" என்று கூப்பிட்டிருக்கிறான். உங்களிடம் வந்து சொன்னேன். ஜன்னலே இல்லாத சுவரிலிருந்து எப்படிக் கேட்டது என்று ஒரு தரம் யோசித்திருக்கலாம். நீங்கள் தாளை நம்பினீர்கள்.

அவனைக் கொன்றது உங்கள் புள்ளிக்கோடு இல்லை. இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

நண்டு


ஆகஸ்ட் 1

அன்புத் தங்கைக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம் என்று இத்தனை வருடம் எழுதியது எல்லாம் பொய், இனிமேல் அப்படி எழுதப் போவதில்லை.

உன் கடிதத்தைத் தொழிற்சாலை வாசலில் நின்று படித்தேன். படித்து முடித்ததும் நெஞ்சிலிருந்து பாறை இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. கொலைகாரன் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். கொலைகாரன் இல்லை என்று தெரிந்த பிறகு, வாயை மூடியதுதான் மிச்சம் நிற்கிறது. அன்றைக்கே நான் தெருவில் நின்று கத்தியிருந்தால், என்னைப் பிடித்திருப்பார்கள், விசாரணை வந்திருக்கும், எவனாவது ஏணி போட்டுச் சுவரைத் தட்டியிருப்பான், ஈரச் சாந்து கையோடு வந்திருக்கும். அந்த மனுஷர் பூட்டியது கொட்டடியை மட்டும் அல்ல, என்னையும்தான். சாவியை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். நான் திறந்து பார்க்கவே இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது அவர். சோறு போட்டது நான்.

உன் படத்தில் அந்த மூன்றையும் காட்டு. எந்தத் தேதியில், யார் உத்தரவில் அடைத்தார்கள் என்று பக்கத்திலேயே எழுது. முதல் படத்தை வரைந்தவன், பிழை செய்தவன், முப்பத்தொரு வருடம் பேசாமல் இருந்தவன் என்று என் பெயரையும் எழுது. எந்த அதிகாரி கேட்டாலும் வந்து சொல்கிறேன். தொழிற்சாலையில் சொல்லிவிட்டேன். இந்த மாதக் கடைசியில் புறப்படுகிறேன். நான் வருகிற வரைக்கும் அந்தச் சுவரை யாரும் பூசாமல் பார்த்துக்கொள்.

நீ கோபமாகவே இரு. அது எனக்குப் பாரமாக இல்லை.

அண்ணன்


ஆகஸ்ட் 12

அன்புள்ள பெரியண்ணனுக்கு,

பயணத்துக்கு முன்னால் இது கையில் கிடைக்க வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். காதுக் கருவியை மறக்காமல் எடுத்து வாருங்கள், தேவைப்படும்.

சுவரை என்னால் காப்பாற்ற முடியவில்லை. நேற்றுக் காலை ஆள் வைத்துப் பூசிவிட்டார்கள். ஏழாவது கொட்டடி அருங்காட்சியகத்தின் நுழைவுச்சீட்டு அறை ஆகிறதாம், சுவர் குண்டும் குழியுமாக இருக்கக் கூடாதாம். நாட்குறிப்பைப் பாதுகாப்புக்கு என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நகலும் நான் எடுத்த அளவுகளும் என்னிடம் இருக்கின்றன. படத்தை முடித்துவிட்டேன். மூன்று திறப்பையும் பிளானில் புள்ளிக்கோட்டில் காட்டியிருக்கிறேன். தேதியும் உத்தரவும் பக்கத்தில் இருக்கின்றன, உங்கள் பெயரும் இருக்கிறது. மேலதிகாரி கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். நான் போட்டிருக்கிறேன். அந்தக் கிழவரின் வாசகப் பலகை நேற்று முதல் அறையில் ஏறிவிட்டது.

ஆகவே அதிகாரிகளிடம் சொல்வது எவ்வளவு தூரம் எடுபடும் என்று தெரியவில்லை. சொல்வோம். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. இறப்புப் பதிவேட்டிலிருந்து மற்ற பதினொரு பேரின் விலாசத்தையும் குறித்துக்கொண்டு தேடினேன். ஏழு வீடுகள் கிடைத்தன. ஒரு வீட்டில் தாயார் இன்னும் உயிரோடு இருக்கிறார். கண் தெரியாது. சிறையிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொன்னதும் என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஜுரத்துல தண்ணி கேட்டிருப்பானே, யாராவது குடுத்தாங்களாம்மா?"

அண்ணன் வருகிறார், அவருக்குத்தான் எல்லாம் தெரியும், அவர் வந்து சொல்வார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த அம்மாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாராம்.

சீக்கிரம் வாருங்கள், அண்ணா.

நண்டு